கிரேக்க வேர்ச்சொற்கள் வழியாக ஆங்கிலச் சொற்களைக் கற்பது உண்மையிலேயே பயன் தருமா? தமிழ் வழியில் படித்தவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பயன் தரும். ஆனால் எந்த ஆங்கிலம் உங்களுக்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது. என் அனுபவத்தைச் சொல்கிறேன், பதில் அதிலேயே இருக்கிறது.

பள்ளி முழுக்கத் தமிழ் வழி. விலங்கியல் பட்டம் முடித்துவிட்டு 2002-இல் கோவையில் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் நிறுவனத்தில் சேர்ந்தேன். இப்போது அந்த வேலை பலருக்குத் தெரியாது. அமெரிக்க டாக்டர் நோயாளியைப் பார்த்த கையோடு விவரத்தை வாயால் சொல்லிப் பதிவு செய்வார். இங்கே நாங்கள் காதில் ஹெட்போன், காலடியில் பெடல் சகிதம் உட்கார்ந்து அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து, அங்கே பொழுது விடிவதற்குள் அனுப்ப வேண்டும். பெடலை மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். 65 எழுத்து ஒரு வரி என்று கணக்கு. வரிக்குத்தான் காசு.

மூன்றாவது வாரம் ஒரு ரிப்போர்ட்டில் 'டிஸ்ஃபேசியா' என்று அடித்து வைத்தேன். பிழை பார்க்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, உன் பேஷண்டுக்குச் சோறு இறங்கலையா, பேச்சு வரலையா?" எனக்குப் புரியவில்லை. டாக்டர் சொன்னது டிஸ்ஃபேஜியா, விழுங்குவதில் சிரமம். நான் அடித்தது பேச்சில் வரும் சிக்கல். ஓர் எழுத்தில் தொண்டைக்காரர் மூளைக்காரராகிவிட்டார். "டிஸ்னா கெட்டுப்போனது, கஷ்டமானது. ஃபேஜ்னா தின்றது. பாக்டீரியோஃபேஜ் படிச்சிருப்பியே?" என்றார் அக்கா.

படித்திருந்தேன். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயருக்குள் 'தின்பது' என்று ஒரு சொல் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரியாது.

அன்றிரவு பஸ்ஸில் போகும்போது வேறொன்று உறைத்தது. நுண்ணோக்கி, தொலைநோக்கி, வெப்பமானி என்று பள்ளியில் படித்தோமே, அவை என்ன? நுண் என்பது மைக்ரோ, தொலை என்பது டெலி, நோக்கி என்பது ஸ்கோப், மானி என்பது மீட்டர். நம் கலைச்சொல் ஆக்கியவர்கள் பல இடங்களில் கிரேக்கச் சொல்லை மூட்டு மூட்டாகக் கழற்றித் தமிழில் பூட்டியிருக்கிறார்கள். ஒளிச்சேர்க்கையைப் பாருங்கள். ஃபோட்டோ ஒளி, சின் சேர்த்து, தீசிஸ் வைத்தல். இலங்கைப் பாடநூல்களில் குரோமோசோமுக்கு நிறமூர்த்தம் என்று பெயர். குரோமா நிறம், சோமா உடல். ஆங்கில வழிப் பிள்ளைக்கு ஃபோட்டோசிந்தசிஸ் வெறும் நீளமான ஓசைதான், நமக்கு அதன் உள்ளமைப்பு ஆறாம் வகுப்பிலேயே தெரியும். தமிழ் வழியில் படித்தது பின்னடைவு என்றே கேட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது எப்படிப்பட்ட இரவு என்று சொல்லத் தேவையில்லை.

எனவே தமிழ் வழிக்காரர்களுக்கு நான் சொல்வது: 500 வேர்ச்சொல் என்று பட்டியலை வாங்கி மனப்பாடம் செய்யாதீர்கள். நான் செய்து பார்த்து, பத்து நாளில் மறந்தவன். பழைய அறிவியல் புத்தகத்தைத் தமிழில் எடுத்து, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை வைத்து வெட்டிப் பாருங்கள். இல்லையென்றால் வீட்டில் கிடக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போதும். எரித்ரோசைட், லியூக்கோசைட் என்று இருக்கும். எரித்ரோஸ் சிவப்பு, லியூக்கோஸ் வெள்ளை, சைட் என்பது செல், சிவப்பணு, வெள்ளையணு. அந்த வெள்ளையோடு ரத்தத்தைக் குறிக்கும் ஹைமாவைச் சேர்த்து ஜெர்மன் மருத்துவர் ஃபிர்ஹோ 1847-இல் வைத்த பெயர்தான் லுகேமியா. ஹைமாவுக்கு முன்னால் 'இல்லை' என்று பொருள்படும் 'அன்' என்ற ஒட்டைச் சேர்த்தால் அனீமியா. ஒரு ஹைமா தெரிந்தால் அரைப் பக்கம் புரியும்.

எங்களுக்கு உயிர் போன இடம் அறுவை சிகிச்சைக் குறிப்புகள். கோலன் என்றால் பெருங்குடல். கோலெக்டமி, கோலாட்டமி, கோலாஸ்டமி என்று மூன்று இருக்கின்றன. வாயில் எதையோ மென்றுகொண்டே பேசும் டாக்டர் சொல்லும்போது மூன்றும் ஒன்றுபோலத்தான் கேட்கும். டோமே என்றால் வெட்டு. முன்னால் எக் வந்தால் 'வெளியே', ஆகவே எக்டமி வெட்டி எடுத்துவிடுவது. ஆட்டமி வெட்டித் திறப்பது மட்டும். ஆஸ்டமியில் இருப்பது ஸ்டோமா, அதாவது வாய். குடலுக்கு வயிற்றின் மேல் புதிதாக ஒரு வாய் வைப்பது. இது புரிந்த பிறகு காதை மட்டும் நம்பவில்லை. அடுத்த வரியில் அந்தப் புது வாயில் பை மாட்டுவதைப் பற்றிப் பேசுகிறாரா, வெட்டிய துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினாரா என்று பார்த்து முடிவு செய்வேன். வெட்ட முடியாதது என்பதால்தான் அணுவுக்கு ஆட்டம் என்று பெயர் என்பதையும் அந்த வாரம்தான் கவனித்தேன். பிற்பாடு அதையும் பிளந்துவிட்டார்கள், அது வேறு கதை.

ஸ்பெல்லிங்குக்கும் இது உதவும். கிரேக்கத்தில் ஒரே எழுத்தாக இருந்ததை ரோமானியர்கள் இரண்டு எழுத்தாக எழுதினார்கள். அதனால்தான் எஃப் ஒலிக்குப் பி-எச், ஸ்கூல், கெமிஸ்ட்ரி போன்றவற்றில் க ஒலிக்கு சி-எச், சைக்காலஜியின் தலையில் வாயில் வராத ஒரு பி. பழங்காலப் பறக்கும் ஊர்வனமான டெரோடாக்டைலிலும் ஓர் ஊமைப் பி உண்டு. டெரான் என்றால் சிறகு, டாக்டைல் விரல். வௌவால் இனத்துக்குக் கைராப்டெரா, கைச்சிறகு. ஹெலிகாப்டரில் வருவதும் இதே சிறகுதான், இந்த இரண்டிலும் பி வாய் திறக்கிறது. ஹெலிகாப்டரை ஹெலிகோ, டெர் என்று பிரிக்க வேண்டும், சுருள் சிறகு. ஆங்கிலம் பேசுகிறவர்களே அதை ஹெலி, காப்டர் என்று தப்பாக ஒடித்துத்தான் ஹெலிபேட் கட்டினார்கள்.

சரி, பொறிகளும் உண்டு. பாதத்துக்கு லத்தீன் வேர் பெட். என் காலடியில் கிடந்த பெடல் அதிலிருந்து வந்தது. குழந்தைக்குக் கிரேக்க வேர் பைட், அதிலிருந்து பீடியாட்ரிக்ஸ். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் குழந்தைக்கு ஏ-இ சேர்ந்து வருவதால் குழப்பமில்லை. அமெரிக்கர்கள் ஏ-வைக் கழற்றிவிட்டதால் பாதமும் குழந்தையும் ஒன்றாகத் தெரியும். எலும்பு டாக்டரின் ஆர்த்தோபீடிக்ஸில் இருப்பது பாதம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, அது குழந்தை. பிள்ளைகளின் உடல் கோணலை நேராக்குவதற்காக ஃபிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்ரி 1741-இல் எழுதிய நூலின் பெயரிலிருந்து வந்தது.

வேரே பொய் சொல்வதும் உண்டு. ஆக்ஸிஜன் என்றால் அமிலத்தைப் பிறப்பிப்பது. எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று ஃபிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே நம்பி வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜனே கிடையாது. நம்பிக்கை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. எனவே வேரை வைத்துப் பொருளை ஊகியுங்கள், பிறகு அகராதியைத் திறந்து சரிபாருங்கள்.

கிரேக்கம் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு: தினசரிக் காலண்டரில் சுக்கிர ஓரை, குரு ஓரை பார்க்கிறீர்களே, அந்த ஓரை கிரேக்கத்து ஹோரா, வடமொழி வழியாக நம்மிடம் வந்தது. மணி நேரத்தைக் குறிக்கும் ஆங்கில 'ஹவர்' என்ற சொல்லும் ஹாரோஸ்கோப்பும் அதே ஹோராவின் பிள்ளைகள். ஜாதகத்தில் வரும் கேந்திரமும் ஆங்கிலத்தின் சென்டரும் கென்ட்ரான் என்ற ஒரே சொல். என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, ஜோசியத்துக்கு அமெரிக்க டாக்டர் சாட்சி சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்.

கடைசியாக, இது எங்கே உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். இன்டர்வியூவுக்கும் ஆபீஸில் நாலு பேரோடு பேசுவதற்கும் வேண்டிய ஆங்கிலம் பெரும்பாலும் கெட், புட், டேக், கிவ் மாதிரிச் சின்னச் சொற்களால் ஆனது. அவற்றில் கிரேக்கம் கிடையாது, கேட்டுக் கேட்டுத்தான் வர வேண்டும். எனக்கு இது புரிந்ததும் அந்த ஹெட்போனில்தான். ஒரு நாள் டாக்டர் ஹெமட்டெமிசிஸ் என்றார். ஹைமா ரத்தம், எமெசிஸ் வாந்தி. ரத்த வாந்தி என்று யாரையும் கேட்காமல் ஸ்பெல்லிங் பிசகாமல் அடித்தேன். அடுத்த வரியில் அந்த அம்மா மறுபடியும் காரில் 'த்ரூ அப்' செய்ததாகச் சொன்னார். அதுவும் வாந்திதான், எனக்குத் தெரியவில்லை. பெடலை நான்கு முறை பின்னால் ஓட்டிக் கேட்டுவிட்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்: "எதைங்க தூக்கி மேல எறிஞ்சாங்க?"