டார்க்: முடிச்சு அவிழ்க்கும் பக்கம்

(இந்த வாரக் கேள்விகள் மூன்றும் ‘டார்க்’ ஜெர்மன் தொடரைப் பற்றியவை. 26 எபிசோடையும் பார்த்து முடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.)

கேள்வி: மூன்றாம் சீசனில் யோனாஸ் சுடப்பட்டுச் சாகிறான். அப்படியானால் அவனே வயதாகி ஆடம் ஆனது எப்படி? கோட்டை விட்டுவிட்டார்களா?

பதில்: இல்லை. 2020 ஜூன் 27 பேரழிவின்போது காலம் ஒரு கணம் நின்றுபோகிறது. அந்தக் கணத்தில் மட்டும் நிகழ்வு இரண்டாகப் பிரிய வழியுண்டு. ஒரு கிளையில் வேற்றுலக மார்த்தா வந்து யோனாஸைக் கூட்டிப் போகிறாள், சுடப்படுபவன் இவன்தான். மறு கிளையில் அவள் வருவதே இல்லை. யோனாஸ் நிலவறைக்குள் ஓடித் தப்புகிறான், ஆடம் ஆகிறான்.

உங்களுக்குக் குழப்பம் வந்ததில் நியாயம் உண்டு. முதல் இரண்டு சீசன்களும் ‘எதையும் மாற்ற முடியாது’ என்று கறாராக நிற்கின்றன. உல்ரிச் 1953-க்குப் போய்ச் சிறுவன் ஹெல்கேயைக் கல்லால் அடிக்கிறான்; அந்தத் தழும்பைக் கிழவர் ஹெல்கே முகத்தில் ஏற்கெனவே பார்த்திருப்போம். அப்பாவின் தற்கொலையைத் தடுக்கப் போன யோனாஸ் காட்டும் கடிதம்தான் அவருக்கே அந்த யோசனையைத் தருகிறது. இவ்வளவு இறுக்கிக் கட்டிய பிறகு, சந்து ஒன்று இருப்பதை மூன்றாம் சீசனில்தான் சொல்கிறார்கள். ஏமாற்று வேலை அல்ல, ஆனால் இரண்டாம் சீசனிலேயே ஒரு விதை போட்டிருக்கலாம்.

கேள்வி: குகை வழியாகக் காலம் தாண்டுவது ஏன் சரியாக 33 வருடம்?

பதில்: 33 சூரிய ஆண்டும் 34 சந்திர ஆண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், நான்கைந்து நாள்தான் வித்தியாசம். ரம்ஜான் ஏறத்தாழ 33 வருடத்துக்கு ஒருமுறை அதே பருவத்துக்குத் திரும்புவதும் இதனால்தான். குகை வழி திறப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, அது கதை.

கேள்வி: சார்லோட்டும் எலிசபெத்தும் ஒருவருக்கொருவர் அம்மா. மரபணு கணக்கு உதைக்காதா?

பதில்: ஆச்சரியம், பெருமளவு உதைக்காது. சார்லோட்டில் பாதி அப்பா நோவா, பாதி எலிசபெத். எலிசபெத்தில் பாதி அப்பா பீட்டர், பாதி சார்லோட். வட்டத்தைச் சுற்றச் சுற்ற அம்மா பங்கு கரைந்துகொண்டே போகும். முடிவில் சராசரியாகச் சார்லோட் மூன்றில் இரண்டு பங்கு நோவா, ஒரு பங்கு பீட்டர். எலிசபெத் அதற்குத் தலைகீழ். இருவருக்கும் மரபணு கொடுத்தது அப்பாக்கள்தான் என்று கணக்கை முடித்துவிடலாம்.

உதைக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பு. அதற்குள் இருக்கும் தனி டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். சார்லோட்டுக்கு எலிசபெத் தந்தது, எலிசபெத்துக்குச் சார்லோட் தந்தது. வெளியிலிருந்து அதை யாரும் கொண்டுவரவில்லை.