போர் விளையாட்டு விளையாடும் மகன் ராணுவத்திற்குப் போக விரும்பினால்

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

கோட்டையூரிலிருந்து தாங்கள் எழுதிய கடிதத்தை இருமுறை படித்தேன். பிளஸ் ஒன் படிக்கும் தங்கள் மகன் இரவு இரண்டு மணிவரை கைபேசியில் போர் விளையாட்டு விளையாடுவதையும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘அடி, சுடு’ என்று யாரிடமோ கத்துவதையும், கைபேசியைப் பிடுங்கிய அன்று கதவை உதைத்ததையும், காலாண்டுத் தேர்வில் கணக்கு மதிப்பெண் குறைந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். ‘இன்ஜினியரிங் வேண்டாம், ராணுவத்திற்குத்தான் போவேன்’ என்று அவன் சொல்வதையும் இடையில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறீர்கள். அவனுடைய அப்பச்சி (தந்தை) சிங்கப்பூரில் வேலையில் இருப்பதால் இவ்வளவும் தங்கள் ஒருவர் தலையில் விழுந்திருக்கிறது. ‘இவன் முரடனாகிவிடுவானா?’ என்று கடிதத்தின் முடிவில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, தாங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ராணுவ வரியைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். என் பார்வையில் அதுதான் முக்கியமானது.

போர் விளையாட்டு விளையாடுவதனால் மட்டும் ஒரு பையன் வன்முறையாளனாகிவிடுவான் என்று சொல்வதற்குப் போதிய சான்று இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020ஆம் ஆண்டு இதையே தெளிவாக அறிவித்தது. கத்துவது, தள்ளிவிடுவது போன்ற சிறிய அளவிலான ஆக்ரோஷத்திற்கும் இவ்வகை விளையாட்டுகளுக்கும் தொடர்பு இருப்பதை அச்சங்கம் மறுக்கவில்லை; ஆனால் கொலை, தாக்குதல் போன்ற குற்றங்களுக்கு விளையாட்டின் மீது பழி போடுவது அறிவியலாகாது என்று எச்சரித்தது. பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ ஆயிரம் பேரிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் விவரம் கேட்டு, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வும், வன்முறை விளையாட்டுக்கும் பிள்ளைகளின் ஆக்ரோஷ நடத்தைக்கும் தொடர்பு எதையும் காணவில்லை. ஆகவே அந்த அச்சத்தைத் தாங்கள் இறக்கி வைக்கலாம்.

கதவை உதைத்தது சரியென்று நான் சொல்லவில்லை. ஆயினும் அது ஏன் நடந்தது என்பதைத் தாங்கள் அறிந்திருப்பது நல்லது. பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற இந்த விளையாட்டில் நூறு பேர் வரை ஒரே களத்தில் இறங்குகிறார்கள். நால்வர் ஓர் அணி, அதை ஸ்க்வாட் என்பார்கள். பெரிய வரைபடத்தில் ஓர் ஆட்டம் முடிய ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். நடுவில் கைபேசியைப் பிடுங்கினால் மற்ற மூன்று நண்பர்களையும் கைவிட்டு ஓடியவனாக அவன் ஆகிறான். அவனுடைய ரேங்க்கும் இறங்குகிறது. எனவே ‘ஒன்பது மணிக்கு நிறுத்து’ என்பதைவிட ‘இன்று இரண்டு மேட்ச், அதோடு சரி’ என்று பேசி முடிவு செய்வது பலன் தரும். பி.ஜி.எம்.ஐ. 2021இல் இந்தியாவில் வெளியானபோதே, 18 வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் கைபேசி எண்ணைத் தர வேண்டும், நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆடக் கூடாது என்ற விதிகள் அதில் இருந்தன. தங்கள் மகன் எந்த எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்திருக்கிறான், எந்த வயதைக் குறித்திருக்கிறான் என்று பாருங்கள். வீட்டில் உள்ள அப்பத்தாவின் எண்ணாக இருந்தாலும் வியப்பதற்கில்லை.

மதிப்பெண் குறைந்ததற்குத் துப்பாக்கியைவிடத் தூக்கமின்மையே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். இந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்து டியூஷனுக்குப் போகிறவனுக்கு வகையீடும் தொகையீடும் எப்படி ஏறும்? இரவில் கைபேசி அவன் அறையில் இல்லாமல் பட்டாலையில் (கூடத்தில்) சார்ஜ் ஏறட்டும். தங்களுடைய கைபேசியும் அதே இடத்தில் இருக்கட்டும், அப்போதுதான் அவன் அதை நியாயம் என்று ஏற்பான். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் ‘விளையாட்டு அடிமைநிலை’ இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாகிப்போதல், கேடு விளைவது கண்கூடாகத் தெரிந்தும் விடாமல் தொடர்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டுக் காலம் நீடித்தால்தான் அந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். தாங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தங்கள் மகன் அந்த நிலையில் இருப்பதாகத் தெரியவில்லை. நிலைமை மோசமானால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

இனி ராணுவம். தங்கள் மகன் முரடனாகிவிடுவானோ என்பதைவிட, போர் என்பது இப்படித்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு வாழ்க்கைத் தொழிலைத் தேர்ந்துவிடுவானோ என்பதே என் கவலை. இளைஞர்களைப் படையில் சேர ஈர்ப்பதற்காக அமெரிக்க ராணுவமே ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற விளையாட்டைத் தயாரித்து 2002 ஜூலை 4 அன்று இலவசமாக வெளியிட்டு, இருபது ஆண்டுகள் நடத்தியது. விளையாட்டு ஒரு பையனின் தொழில் விருப்பத்தைத் தொடும் என்பதை ஒரு ராணுவமே நம்பிப் பணம் செலவிட்டிருக்கிறது. ஆகவே தங்கள் மகனுடைய ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தவறில்லை.

விளையாட்டில் சுடப்பட்டவன் மறு நிமிடமே தொடக்கத் திரையான லாபிக்குத் திரும்பி அடுத்த ஆட்டத்திற்குத் தயாராகிவிடுகிறான். இந்தியாவுக்கென்று வந்த பதிப்பில் ரத்தத்தின் சிவப்பு நிறத்தைக்கூட மாற்றிப் பச்சையாக்கினார்கள். அந்தக் களத்தில் வீடுகள் உண்டு, குடியிருப்பவர்கள் இல்லை. கிணறும் வயலும் இருக்கும், அவற்றை விட்டு ஓடியவர்கள் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் 1999 மே 29 அன்று கார்கில் போரில் படாலிக் பகுதியில் வீரமரணம் அடைந்தார். கடும் சண்டை நடந்த அந்த மலையிலிருந்து அவருடைய உடல் ஒரு மாதத்திற்கும் மேல் கழிந்த பின்னரே மீட்கப்பட்டது; அவருக்கு வீர் சக்கரம் வழங்கப்பட்டது. திருச்சிக்குப் போகும்போது அங்குள்ள அவருடைய நினைவுச் சின்னத்தின் முன் மகனோடு சற்று நேரம் நில்லுங்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சீருடையின் மீது உண்மையான மரியாதை உள்ளவன் அதன் விலையையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவ்வளவு தூரம் போகாமல், தங்கள் வளவு வீட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பர்மாத் தேக்கில் நிற்கும் அந்தத் தூண்களுக்கு இடையில் அமர்ந்துதான் அவன் போர் விளையாடுகிறான். 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசிய பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவைவிட்டுப் புறப்பட்டார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காட்டிலும் மலையிலும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். கொண்டுவிற்கப் போன இடத்தில் கடையையும் கணக்குப் பேரேட்டையும் விட்டுவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் நம் பக்கத்து ஊர் ஒவ்வொன்றிலும் உண்டு. பெரியவர்களிடம் கேட்ட கதை அப்பத்தாவுக்கு நினைவிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அருகில் உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். போர் என்றால் சுடுகிறவனும் சுடப்படுகிறவனும் மட்டுமல்லர் என்பதை வீட்டார் வாயால் கேட்பது நான் சொல்வதைவிட ஆழமாகப் பதியும். முற்றுகையிடப்பட்ட நகரத்தில் சோற்றுக்கும் மருந்துக்கும் அல்லாடும் பொதுமக்களாக ஆடவேண்டிய ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்ற விளையாட்டும் உண்டு. போலந்து அரசு 2020இல் அதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. அவனுக்குப் பிடித்த மொழியிலேயே போரின் மறுபக்கத்தைக் காண அது ஒரு வழி.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகும் அவன் ‘போகிறேன்’ என்றால், அந்த ஆசையைத் தாங்கள் ஏளனம் செய்யக் கூடாது. ஆசை விளையாட்டில் முளைத்தது என்பதற்காகவே அது பொய்யாகிவிடாது. சோதித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதிகாரியாகச் சேர நேரடி வழி என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்புக் கழகம்) தேர்வு. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் இத்தேர்வைப் பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம். பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். தரைப்படைக்கு எந்தப் பாடப் பிரிவும் போதும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண். அதில் 300 கணக்குக்கு மட்டும், ஆங்கிலத்திற்கு 200. தேர்ச்சி பெற்றவர்களை எஸ்.எஸ்.பி. என்ற படை அதிகாரிகள் தேர்வு வாரியம் ஐந்து நாள் தங்க வைத்து, இன்னொரு 900 மதிப்பெண்ணுக்கு உளவியல் தேர்வு, குழுப் பணிகள், நேர்காணல் என்று பார்க்கிறது. துப்பாக்கியைக் குறி தவறாமல் சுடுகிறானா என்று அங்கே எவரும் பார்ப்பதில்லை. தெரியாத மனிதர்களோடு சேர்ந்து ஒரு வேலையை முடிக்கிறானா, மற்றவன் பேசும்போது கேட்கிறானா, சொல்வது ஒன்று செய்வது ஒன்றாக இல்லாமல் இருக்கிறானா என்பதையே கவனிக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொறுமை இழந்த பையன்கள் சிலர், அதிகாரிப் பணிக்கும் படைவீரர்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்திற்கும் உள்ள வேறுபாடு தெரியாமலே பின்னதில் சேரப் பார்க்கிறார்கள். 2022இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் நிரந்தரமாகத் தொடர்பவர்கள் 25 சதவீதம் வரை. அது கௌரவக் குறைவான வேலை இல்லை, ஆனால் நான்கு ஆண்டுக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொண்டுதான் அதில் இறங்க வேண்டும். பட்டப்படிப்பு முடித்து என்.சி.சி. ‘சி’ சான்றிதழோடு சென்னை பரங்கிமலைப் பயிற்சிக் கழகத்திற்குப் போகும் வழியும் உண்டு. ஆகவே பதினாறு வயதில் அவசரம் வேண்டியதில்லை.

அவனுக்குப் பிடித்தது ராணுவம்தானா என்பதும் உறுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே ஆசையோடு என்னிடம் வந்த ஒரு மாணவனிடம், விளையாட்டில் எந்தப் பகுதி பிடிக்கும் என்று கேட்டேன். வரைபடத்தைப் பார்த்து எங்கே இறங்குவது, எந்த மேட்டின் பின்னால் ஒதுங்குவது என்று திட்டமிடுவதுதான் என்றான். சுடுவது அவனுக்கு இரண்டாம்பட்சம். பேசப் பேச அவனுக்கு நில வரைபடங்களின் மீதுதான் நாட்டம் என்று தெரிந்தது. கிண்டியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கச் சேர்ந்தான். விளையாட்டை உருவாக்குவதில் விருப்பம் உள்ளவனாக இருந்தால், ஐ.ஐ.டி.க்களின் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான யு.சி.இ.இ.டி. தேர்வை எந்தப் பாடப் பிரிவினரும் எழுதலாம். பிளெண்டர், கோடோ ஆகிய மென்பொருள்கள் இலவசம், கோடை விடுமுறையில் ஒரு சிறிய ஆட்டத்தைச் செய்து பார்த்தால் அவனுக்கே தெரிந்துவிடும். இ-ஸ்போர்ட்ஸ் வீரனாகப் பிழைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2022 டிசம்பரில் மத்திய அரசு அதற்கு அங்கீகாரம் அளித்தது உண்மைதான், ஆயினும் அதில் நிலைத்த வருமானம் பெறுபவர்கள் மிகச் சிலரே.

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் அவனைக் காரைக்குடிக்கு அழைத்து வாருங்கள். வருவதற்கு முன் அவன் மூன்று வேலைகளை முடித்திருக்க வேண்டும். யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் உள்ள பழைய என்.டி.ஏ. கணக்குத் தாள் ஒன்றை இரண்டரை மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதி, தவறானவற்றோடு அப்படியே கொண்டுவர வேண்டும். பதினைந்து நாள் காலையில் எழுந்து 2.4 கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு நாளும் ஆன நேரத்தை ஒரு நோட்டில் குறித்திருக்க வேண்டும். விளையாட்டில் தனக்குப் பிடித்தது என்ன என்பதை ஒரு பக்கம் தன் கையெழுத்தில் எழுதியிருக்க வேண்டும். அன்றைய முதல் அரைமணி நேரம் அவன் மட்டும் என்னோடு பேசட்டும். தாங்கள் வெளியே காத்திருங்கள். அப்பச்சியையும் அழைத்துப் பேச வேண்டியிருக்கும். அவருக்கு எந்த நேரம் வசதிப்படும் என்பதை முன்கூட்டியே தெரிவியுங்கள்.