சராசரி 18 கிலோ என்றால் பாதிப் பேராவது 18 எடுத்திருக்க வேண்டாமா?

அவசியமில்லை, தங்கச்சி. அம்மா கொழுந்து பறிக்கும் தேயிலை மலையில் ஒரு நாள் சராசரி 18 கிலோ என்று மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) சொன்னார்கள், ஆனால் பலருக்கும் அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழுந்தது, இது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்பது பேரை எடுத்துக்கொள்வோம். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக நின்ற கிலோ இது (எண்கள் கணக்குக்காக நான் போட்டவை): 13, 14, 15, 15, 16, 17, 19, 26, 27. கூட்டினால் 162. ஒன்பதால் வகுத்தால் 18. பாடப்புத்தகம் 'இடை' என்று சொல்லும் சராசரி இதுதான். ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ என்று தோட்டத்தில் வைத்திருந்தால் முழுப்பேர் மூன்று பேருக்குத்தான். மிச்ச ஆறு பேரும் 18ஐத் தொடவே இல்லை. கணக்கிலும் தப்பில்லை. 26ம் 27ம் எடுத்தவர்கள் மொத்தத்தைத் தூக்கிவிட்டார்கள். (அவர்களுக்கு பறிக்க எந்த நிரை, அதாவது எந்தச் செடி வரிசை, கிடைத்தது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும், அது வேறு கதை.)

இப்போது வரிசையின் நடுவில் நிற்கிற ஐந்தாவது எண்ணைப் பாருங்கள்: 16. அது இடையம். அதிகமுறை வருகிற 15 ஆகாரம். மூன்றையும் ஒரே பக்கத்தில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், எதை எங்கே பார்ப்பது என்று சொல்வது குறைவு. இன்று ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) எவ்வளவு பச்சைக் கொழுந்து வரும் என்று பார்க்கிற தோட்டத் துரைக்கு (மேலாளருக்கு) இடை போதும், ஆட்கணக்கால் பெருக்கிவிடலாம். ஒரு சாதாரண ஆளுக்கு அன்றைய நாள் எப்படிப் போனது என்றால் இடையத்தைத்தான் பார்க்க வேண்டும். 27 எடுத்தவர் 45 எடுத்திருந்தால் சராசரி 20 ஆகிவிடும், இடையம் 16ஐ விட்டு அசையாது.

வீச்சையும் பக்கத்தில் எழுதிவையுங்கள், இங்கே 27இல் 13 போக 14. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் என்பதை மட்டும் பார்க்கிறவருக்கு, ஜனவரி விடியலில் கொழுந்தைக் கருக்கும் உறைபனி தெரியவே வராது.

அப்புறம், பிள்ளைகள் பரீட்சையில் வழுக்குகிற இடம் ஒன்று. மேல்மலையில் 30 பேர், சராசரி 20. கீழ்மலையில் 10 பேர், சராசரி 12. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 16 என்று எழுதாதீர்கள். 600 கிலோவும் 120 கிலோவும் சேர்ந்து 720, அதை 40ஆல் வகுத்தால் 18.

அம்மாவின் மாதக் கணக்கில் எதால் வகுத்தார்கள் என்றும் கேளுங்கள். 323 கிலோ எடுத்து 19 நாள் வேலைக்குப் போயிருந்தால் சராசரி 17. வேலை கொடுத்த 25 நாளால் வகுத்தால் 13க்கும் கீழே போய்விடும், காய்ச்சலில் படுத்த ஆறு நாளும் பூச்சியமாக உள்ளே வந்துவிடுகிறது. அம்மா எவ்வளவு எடுக்கக்கூடியவர் என்பதுதான் பேச்சு என்றால், 19ஆல் வகுப்பதுதான் சரி.