கன்று வீச்சு நோய் மனிதர்களுக்கும் வருமா? எவ்வளவு பரவலாக இருக்கிறது?

வரும். எங்கள் அப்பாவுக்கே வந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஈரோடு பக்கம் எங்களுக்கு நான்கு கறவை மாடுகள். அதில் ஒன்று ஏழு மாதச் சினையில் கன்று வீசிவிட்டது, அதாவது கரு கலைந்துவிட்டது. நஞ்சுக்கொடியும் விழவில்லை. மாட்டு டாக்டர் வருவதற்குள் அப்பா வெறும் கையை விட்டு எடுத்துவிட்டார். ஊரில் எல்லாரும் செய்வதுதான். மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. பகலில் சுமாராக இருப்பார், சாயங்காலம் ஏறும், ராத்திரி வேர்த்துப் பனியன் நனைந்துவிடும். இடுப்பு வலியில் குனிந்து சாணி அள்ள முடியாது. டைபாய்டு என்று இரண்டு முறை மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவர்தான், "வீட்டில் மாடு இருக்கா? ஏதாவது கன்னு வீசுச்சா?" என்று கேட்டார். ரத்தப் பரிசோதனையில் புருசெல்லா, அதாவது கன்று வீச்சு நோய்க் கிருமி என்று தெரிந்தது. டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின் இரண்டையும் ஆறு வாரம் விடாமல் சாப்பிட்டுத்தான் குணமானார்.

எவ்வளவு பரவல் என்பதற்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் அப்பா டைபாய்டு கணக்கில்தான் சேர்ந்திருப்பார். உலகம் முழுக்க ஆண்டுக்கு 5 லட்சம் பேருக்கு வருகிறது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2023இல் வந்த ஒரு கணிப்பு அதை 16 முதல் 21 லட்சம் என்கிறது. பல நாடுகளில் சோதிப்பதும் இல்லை, பதிவு செய்வதும் இல்லை.

நம் வீடுகளில் பாலைக் காய்ச்சிக் குடிப்பது பெரிய காப்பு. மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்ததே பச்சை ஆட்டுப்பாலால்தான். 1906இல் அந்தப் பாலை நிறுத்தியதும் மளமளவென்று குறைந்தது. இங்கே அதிகம் மாட்டிக்கொள்வது மாடு, ஆடு வளர்ப்பவர்களும், கால்நடை மருத்துவர்களும், இறைச்சிக்கூடத்தில் வேலை செய்பவர்களும்தான். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக அபூர்வம்.

மாடுகளில் இது நாடு முழுக்க இருக்கிறது. சதவீதம் ஆய்வுக்கு ஆய்வு மாறும். நெருக்கமாகப் பல மாடுகளைக் கட்டும் பண்ணைகளில் பரவ வாய்ப்பு அதிகம். 2019இல் மத்திய அரசு கோமாரியோடு சேர்த்து இதற்கும் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. நான்கு முதல் எட்டு மாதக் கிடேரி (பெண்) கன்றுகளுக்கு மட்டும், ஆயுளில் ஒரே முறை. அந்த வயதில் கன்று வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தவறவிடாதீர்கள், பிறகு போட முடியாது. உயிருள்ள கிருமியால் ஆன ஊசி என்பதால் போடுகிறவர் கையில் குத்தினாலும் ஆபத்து. டாக்டர் வரும்போது கன்றை இறுக்கிப் பிடியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்று வீசும் மாட்டை வாயைத் திறக்காமல் சந்தையில் தள்ளிவிடுவது எங்கள் பக்கம் சகஜம். வாங்குகிறவர் வீட்டுக்கு நோயும் சேர்ந்து போகிறது. எங்கள் மாட்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து நோய் உறுதியானது. அப்பா விற்கவில்லை. தனியாகக் கட்டினார், பாலைக் கறந்து விற்பதை நிறுத்தினார், மறுபடி சினைக்கு விடவில்லை. நல்ல கறவை அது. நஷ்டம் எங்களுக்குக் கொஞ்சம் இல்லை.