ட்ரைகிளிசரைடு குறைந்துவிட்டது, ஸ்டாட்டினை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 46. திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். ஆறு வருடமாகச் சுகர் இருக்கிறது. மூன்று மாதம் முன்பு ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) 390, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 128, ஹெச்டிஎல் (நல்ல கொழுப்பு) 34. எல்டிஎல்லுக்கு ரோசுவாஸ்டாட்டின் 10 என்ற ஸ்டாட்டின் மாத்திரை, ட்ரைகிளிசரைடுக்கு ஃபீனோஃபைப்ரேட் 160 கொடுத்தார்கள். எல்டிஎல் நார்மல்தானே என்று ஸ்டாட்டினை நானே நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் சாப்பிடுகிறேன். இப்போது ட்ரைகிளிசரைடு 210. ஆனால் கிரியாட்டினின் 0.9-லிருந்து 1.1 ஆகிவிட்டது. கிட்னி கெடுகிறதா? இப்படியே தொடரலாமா?

பதில்: இரண்டில் எதை நிறுத்தக்கூடாதோ அதை நிறுத்தியிருக்கிறீர்கள். இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து ஸ்டாட்டினைத் திரும்ப ஆரம்பியுங்கள். லேப் ரிப்போர்ட்டின் ஓரத்தில் 130-க்குக் கீழே என்று அச்சடித்திருப்பது ஊருக்கே பொதுவான அளவு. சுகர் உள்ள 46 வயதுக்காரருக்கு அது பொருந்தாது, உங்கள் எல்டிஎல் 100-க்குக் கீழே, முடிந்தால் 70-க்குக் கீழே இருக்க வேண்டும்.

390 என்பது 210 ஆனது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எண் இறங்கியதால் மாரடைப்பு ஆபத்தும் அதே அளவு இறங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 1987-இல் ஹெல்சிங்கியில், உங்கள் ஃபீனோஃபைப்ரேட் போலவே ஃபைப்ரேட் வகையைச் சேர்ந்த ஜெம்ஃபைப்ரோசில் கொடுத்துப் பார்த்தபோது மாரடைப்பு நன்றாகவே குறைந்தது, அப்போது ஸ்டாட்டின் பழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. அப்புறம் 2010-இல் வெளிவந்த அக்கார்டு ஆய்வில் ஸ்டாட்டின் சாப்பிட்ட, சுகர் உள்ள 5,500-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஃபீனோஃபைப்ரேட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள், மொத்தத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. 2022-இல் பெமாஃபைப்ரேட் என்ற புது ஃபைப்ரேட் மருந்தைப் பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்ததில் ட்ரைகிளிசரைடு கால்வாசி குறைந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து போகும் துகள்களை லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: லாரியிலிருந்து சரக்கு இறங்கியது, ரோட்டில் ஓடுகிற லாரிகளின் எண்ணிக்கை குறையவில்லை, அவ்வளவுதான். ரத்தக்குழாய்ச் சுவரில் போய் அடைவது அந்த லாரிகள். அவற்றைக் குறைப்பது ஸ்டாட்டின்.

அப்படியானால் ஃபைப்ரேட் எதற்கு என்று கேட்பீர்கள். கணையத்துக்காக. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டி, குறிப்பாக ஆயிரத்துக்கு மேல் போகும்போது கணையம் வீங்கிவிடும் ஆபத்து உண்டு. அந்த நிலையில் வருகிறவர்களின் ரத்தத்தைக் குழாயில் எடுத்துச் சிறிது நேரம் வைத்தால் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டிய இடத்தில் பால் மாதிரி வெள்ளையாக நிற்கும். முதுகு வரை பாயும் வயிற்றுவலியோடு, குனிந்தபடியே வருவார்கள். அவர்களுக்கு ஃபைப்ரேட் கட்டாயம் வேண்டும். உங்களுக்கு அப்படி இல்லை. சுகர் கட்டுக்குள் வந்து, ஷிப்டுக்கு நாலு டீயும் பன்னும், வார இறுதிக் குடியும் இருந்தால் அவையும் நின்றால் இந்த 210 தானாகவே இன்னும் இறங்கலாம், ஃபீனோஃபைப்ரேட் தேவையில்லாமலேகூடப் போகலாம். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது குறைந்தாலும் ட்ரைகிளிசரைடு ஏறும்.

கிரியாட்டினின் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். ஃபீனோஃபைப்ரேட் சாப்பிடுகிற பலருக்கு இந்த அளவு சற்று ஏறும், நிறுத்தினால் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்துவிடும். இருந்தாலும் உங்களுக்குச் சுகர் இருக்கிறது, கிட்னிக்கு அதுவே ஒரு காரணம். அதனால் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆரும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதும் பார்க்கச் சொல்லுங்கள். கிட்னியின் வேலை குறைந்திருந்தால் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுகரால் விழித்திரை கெடுவதை ஃபீனோஃபைப்ரேட் மெதுவாக்குகிறது என்று 2024-இல் ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. உங்கள் கண்ணில் ஏற்கெனவே ஆரம்பக் கோளாறு இருந்தால் இந்த மாத்திரையைத் தொடர அது ஒரு நியாயமான காரணம். வருடம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கிறீர்களா? இல்லையென்றால் இந்த மாதமே பாருங்கள்.

டாக்டர் இரண்டையும் சேர்த்தே சாப்பிடச் சொன்னால் ஃபீனோஃபைப்ரேட்டைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். தொடையிலோ தோளிலோ காரணமில்லாமல் கடும் வலி, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போவது, சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே பிடித்து வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.