வீட்டுத் தோட்டத்தில் குளமா, தொட்டியா? கேட்டவர்களுக்குப் பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், என் கைப்பேசியில் இதே கேள்விகள்தான். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் குளம், பம்பு, தொட்டி வேலை செய்கிறவன் என்பதால் எல்லாருக்கும் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓரிரு நாளில் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பக்கூடிய சின்னத் தொட்டி நல்லது. பம்பு, பில்டர், குளோரின் என்று ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிற குளமும் நல்லதுதான். இரண்டுக்கும் நடுவில், நாலாயிரம் லிட்டரைப் பிடித்து வைத்துவிட்டு பில்டர் இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிவிடலாம் என்று நினைப்பதில்தான் எல்லாச் சிக்கலும் வருகிறது.

பேரப்பிள்ளைகள் ஆறு பேர் வருகிறார்கள். 10 அடி ஊதுகுளம் ஆர்டர் போட்டுவிட்டேன். புல்தரையில் வைக்கவா, கார் நிறுத்தும் இடத்திலா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

டீச்சர், முதலில் எடையைப் பாருங்கள். 10 அடி அகல வட்டத்தில் இரண்டடி தண்ணீர் நின்றால் சுமார் 4,400 லிட்டர், அதாவது நாலரை டன் பக்கம். சதுர மீட்டருக்கு 600 கிலோ. சாதாரண வீட்டு மாடித்தளம் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில்தான் கட்டப்படுகிறது, அதனால் மாடி, பால்கனி இரண்டையும் மறந்துவிடுங்கள். கீழே வைத்தாலும் செப்டிக் டாங்கி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள். நம் பக்கத்துப் பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பல இடத்தில் அது வீட்டை ஒட்டிப் புல்லுக்கு அடியிலேயே இருக்கும், மேலே செடி வைத்திருப்பார்கள், வெளியே தெரியாது.

புல்தரை மெத்தென்று இருக்கும், ஆனால் லாலாங் புல்லின் வேர் இருந்தால் ஊசி மாதிரி முளைவிட்டு பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். என் அக்கா வீட்டில் கித்தான் விரித்துத்தான் போட்டேன், ஐந்தாம் நாள் காலையில் அடியில் மூன்று இடத்தில் கசிவு, தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு ஓட்டையிலும் வெள்ளையாக ஒரு முளை நிற்கிறது. கார் நிறுத்தும் இடம் கெட்டித் தரை, அது பரவாயில்லை, ஆனால் தண்ணீர் வடிவதற்காக வாசல் பக்கம் சரிவாகப் போட்டிருப்பார்கள். சரிவில் வைத்தால் பள்ளமான பக்கத்துச் சுவர் பிதுங்கும், பிள்ளைகள் அதன் மேல் சாய்ந்தால் குளமே சரிந்துவிடும். கொத்தனார் செய்வது போல ஒரு தெளிவான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு பக்கம் பிடித்து லெவல் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

அப்புறம், ஆறு பிள்ளைகளுக்கும் ஒரு பெரியவர் கண்காணியாகப் பக்கத்திலேயே உட்கார வேண்டும், கையில் கைப்பேசி இல்லாமல். தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கை ஆட்டாது, சத்தமே கேட்காது. குளித்து முடித்ததும் ஏணியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இடிச் சத்தம் கேட்டால் உடனே எல்லாரும் வெளியே, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் போகட்டும்.

நாலே நாளில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. துணி வெளுக்கும் குளோரக்ஸ் ஊற்றலாமா?

பச்சையான தண்ணீரில் ஊற்றி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கொட்டிவிட்டு, சுவரை பிரஷ் போட்டுத் தேய்த்து, புதிதாக நிரப்புங்கள். ஊற்ற வேண்டியது முதல் நாளிலிருந்து.

வாசனை சேர்க்காத சாதாரண வெளுப்பு நீர் ஆகும். அதில் 5 சதவீதம் குளோரின் இருந்தால், 4,400 லிட்டருக்கு சுமார் 175 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நிற்கும். குளத்துக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் எப்போதும் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அது மதியத்துக்குள் போய்விடும், அதனால் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றிக் கலக்கி விடுங்கள், காலையில் சோதனைத் தாளை நனைத்துப் பாருங்கள். அதிலேயே பிஎச் (அமில-கார அளவு) கட்டமும் இருக்கும், 7.2லிருந்து 7.8க்குள் நிற்க வேண்டும், ஏறிவிட்டால் குளோரின் போட்டும் வேலை செய்யாது.

கழிவறை கழுவும் ஆசிட்டையும் இதையும் ஒரே வாளியில் சேர்க்கவே கூடாது, வருகிற புகை நெஞ்சை அடைத்துவிடும். குளோரின் தூளும் வில்லையும் வெவ்வேறு சரக்கு, ஒன்றாகக் கொட்டி வைத்தால் தீப்பிடிக்கும். எந்தத் தூளானாலும் தண்ணீரில்தான் தூளைப் போட வேண்டும், தூள் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது.

அப்பா 40 வருஷம் பால்மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்), முட்டி வலி தாங்க முடியவில்லை. ஊதி வைக்கிற வெந்நீர்த் தொட்டி வாங்கித் தரலாமா?

தம்பி, அப்பாவுக்குச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அதற்காகவே இதைப் பொறுமையாகச் சொல்கிறேன். வெந்நீரில் முட்டி இளகும், அது உண்மை. ஆனால் அவருக்கு இரத்த அழுத்தமோ, இதயக் கோளாறோ, சர்க்கரையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறக்காதீர்கள். வெந்நீரில் இரத்தக் குழாய் விரியும், அழுத்தம் இறங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். சூடு 40 டிகிரிக்கு மேல் போகவே கூடாது, வயதானவருக்கு 37, 38 போதும், 10 நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும். கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அந்தத் தொட்டிப் பக்கம் வேண்டாம்.

செலவைப் பாருங்கள். 800 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 38க்குக் கொண்டுவர 9 யூனிட்டுக்கு மேல் மின்சாரம், 2 கிலோவாட் ஹீட்டரில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அவ்வளவு நேரம் ஓடுகிற சாமானை எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி ஜன்னல் வழியாக இழுத்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டுத் தனி லைன் போடுங்கள், ஈரம் படும் இடத்துக்கான 10 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்துகிற சுவிட்ச்) கட்டாயம். வீட்டுப் பெட்டியில் ஏற்கெனவே இருப்பது பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர், ஈரமான உடம்புக்கு அது காவல் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி வேகமாகப் பெருகும், அதனால் குளோரினும் குளத்தைவிட அதிகம், லிட்டருக்கு 3 மில்லிகிராமாவது நிற்க வேண்டும்.

என்னைக் கேட்டால், வாங்குவதற்கு முன் அப்பாவை ஒரு நாள் தம்புன் வெந்நீர் ஊற்றுக்கோ சுங்காய் வெந்நீர் ஊற்றுக்கோ கூட்டிப் போங்கள். அவருக்குப் பிடிக்கிறதா, உடம்பு தாங்குகிறதா என்று தெரிந்துவிடும். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, முட்டி வரை மறைகிற ஆழமான ஒரு வாளி, முழங்கையில் சூடு பார்த்த வெந்நீர், இதுவே தினமும் செய்யக்கூடியது.

ஊழியர் சேமநிதிப் பணம் வந்திருக்கிறது. தரைக்குள் சிமெண்டுக் குளம் கட்டலாமா?

வேண்டாம் என்பேன். கட்டுகிற செலவு ஒருமுறை, பம்பு மின்சாரமும் மருந்தும் மாதா மாதம், அதுவும் நீங்கள் ஓய்வில் இருக்கும் வருஷங்களில். கட்டியே தீர வேண்டும் என்றால் நகராண்மைக் கழகத்தில் வரைபட அனுமதியை முதலில் கேளுங்கள், சுற்றி நாலடி வேலி போடுங்கள், கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ நிரப்பலாமா?

ஆற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டில் எலி அதிகம், அதன் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொடுத்துவிடும். கிணறு மூடியிருந்து, தண்ணீர் தெளிவாகவும் இருந்தால் குளோரின் போட்டுப் பயன்படுத்தலாம்.

வீட்டுக்குப் பின்னால் பால்மரம். இலை கொட்டுகிறதே?

பிப்ரவரி, மார்ச்சில் மரம் மொத்தமாக இலையை உதிர்க்கும்போது வலை போட்டுக்கூடச் சமாளிக்க முடியாது. அந்த இரண்டு மாதம் குளத்தை மடித்து வையுங்கள்.

அந்தக் காலத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தொட்டி மாதிரி ஒன்று கட்ட ஆசை. பைத்தியக்காரத்தனமா?

இல்லை அக்கா, இவ்வளவு கேள்வியில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். எங்கள் லயத்துக் கடைசியில் ஒன்று இருந்தது. மதியம் அம்மா வேலை முடிந்து வந்து, ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் போக கையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டே அந்தத் தொட்டித் திண்டில் உட்கார்ந்திருப்பார். திண்டு வெயிலில் சுடும், உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கும். நம் வெயிலுக்கு வேண்டியது அந்தச் சில்லென்ற தண்ணீர்தான்.

உள் அளவு ஐந்தடிக்கு நாலடி, தண்ணீர் ஒன்றரை அடி என்று வையுங்கள். 850 லிட்டர் பிடிக்கும், வீட்டுக் குழாயில் ஒரு மணி நேரத்தில் நிரம்பும். மேலே கூரைத் தகடு, கீழே சிமெண்டுத் தளம். கட்டி முடித்து ஒரு வாரம் ஈரம் காட்டுங்கள், பிறகு மூன்று நாலு தடவை நிரப்பிக் கொட்டுங்கள், புதுச் சிமெண்டின் சுண்ணாம்பு தோலை அரிக்கும்.

சோப்புப் போட்டு வெளியே குளித்துவிட்டு உள்ளே இறங்குங்கள். அப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்துவிடுகிற தண்ணீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் நேராகப் போகும், குளோரின் போடவே தேவையில்லை. ஆனால் கொட்டினால் மட்டும் ஏடிஸ் போகாது. கொசு முட்டை தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே சுவரில் கறுப்புப் புள்ளியாக ஒட்டியிருக்கும், காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் வாரம் ஒருமுறை சுவரைத் துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். சுகாதாரத் துறையினர் வந்து புழுவைப் பார்த்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு, அதைவிட டிங்கி வந்து பிள்ளை படுத்துவிடுவது பெரிய துன்பம்.

கொத்தனாரிடம் ஒன்றை மட்டும் நின்று சொல்லி வாங்குங்கள். தரையை ஒரு மூலைக்குச் சரிவாகப் போட்டு, அந்த மூலையில் இரண்டு அங்குலக் குழாய் வைக்கச் சொல்லுங்கள். ஒரு அங்குலம் வைத்தால் இலை அடைத்துக்கொள்ளும், பிறகு நீங்கள் வாளியால்தான் மொண்டு கொட்ட வேண்டியிருக்கும்.