அப்பாவின் முழங்காலும் செரோகியின் பின் இருக்கையும்

கேள்வி: டாலஸில் வசிக்கிறேன். போன வருடம் தனியார் விமானி உரிமம் வாங்கினேன். நண்பரோடு பங்கு சேர்ந்து பழைய நான்கு இருக்கை விமானம் ஒன்று வாங்கப் பார்க்கிறோம். அப்பாவும் அம்மாவும் கோயம்புத்தூரிலிருந்து வந்து வருடத்தில் சில மாதம் எங்களோடு தங்குவார்கள். தங்கை ஹூஸ்டனில் இருக்கிறாள். மனைவியையும் இவர்களையும் அங்கே கூட்டிப்போவதற்குத்தான் முக்கியமாக விமானம். அப்பா ஆறடி உயரம். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தரகர் ஒரு பைப்பர் செரோகியைக் காட்டி, "பின்னால் கால் நீட்டி உட்காரலாம்" என்கிறார். படத்திலும் அப்படித்தான் தெரிகிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். விற்பனைக்குப் படம் எடுக்கும்போது முன் இருக்கைகள் இரண்டையும் போகிற வரைக்கும் முன்னால் தள்ளிவிடுவார்கள். அகலக் கோண லென்ஸை வாசலில் வைத்து எடுப்பார்கள். அதில் எந்தச் சின்ன விமானமும் மண்டபம் மாதிரிதான் தெரியும். அந்த நிலையில் விமானி உட்காரவே முடியாது.

பின்னால் கால் வைக்க எவ்வளவு இடம் என்பதை முன் இருக்கைதான் தீர்மானிக்கிறது. ஆகவே நீங்கள் விமானி இருக்கையில் உட்கார்ந்து, ரடர் பெடலை (வால் சுக்கானைத் திருப்பும் கால்மிதி) கடைசிவரை மிதிக்கிற மாதிரி சரிசெய்து, இருக்கையைப் பூட்டுங்கள். பிறகு இறங்கி, பின் இருக்கையின் சாய்மானத்திலிருந்து முன் இருக்கையின் முதுகுவரை டேப் வைத்து அளந்துபாருங்கள். அந்த அளவுதான் கணக்கு. விளம்பரத்தில் போடும் அளவு எந்த நிலையில் எடுத்தது என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்து, அந்தச் செரோகி எந்த வருட மாடல், எந்த வகை? நீங்கள் எழுதவில்லை, தரகர் சொல்லியிருக்கவும் மாட்டார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். செரோகி 180-இன் உடல் 1972 மாடல் வரை குட்டை. 1973-இல் சேலஞ்சர் என்ற பெயரில் வந்தபோது பைப்பர் அதை 5 அங்குலம் நீட்டியது. அடுத்த வருடம் அதன் பெயர் ஆர்ச்சர் ஆனது. அதே செரோகி குடும்பத்தில் சக்கரம் மடங்கும் ஆரோ ஒரு வருடம் முந்திக்கொண்டது: 1972-இல் வந்த ஆரோ 2 நீளம், அதற்கு முந்தைய ஆரோக்கள் குட்டை. அதே குடும்பத்து வாரியர் 1974 மாடலாக வந்ததே நீள உடலோடுதான். செரோகி 140 மட்டும் 1964-இலிருந்து 1977 வரை குட்டையாகவே வந்து, குட்டையாகவே முடிந்தது. அது அடிப்படையில் இரண்டு பேருக்கான பயிற்சி விமானம். பின் இருக்கை விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்வது. ஆக 1976-இல் செய்த 140-ஐக் காட்டி, "1973-க்குப் பிறகு வந்தது சார், நீள உடல்" என்றால் அது பொய். இன்னொரு சிக்கல்: 1972 கடைசியில் தொழிற்சாலையிலிருந்து வந்த விமானம் 1973 மாடலாக இருக்கலாம். வருடத்தை மட்டும் பார்க்காமல் மாடல் பெயரையும் தொடர் எண்ணையும் கேட்டு வாங்கி, ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 5 அங்குலம் என்பது உள்ளங்கை அகலத்தைவிட அதிகம். ஆறடி ஆளுக்கு அது முழங்கால் இடிப்பதற்கும் இடிக்காததற்கும் உள்ள வித்தியாசம்.

மூனி என்ற இன்னொரு நிறுவனத்தின் விமானங்களிலும் இதே கதைதான். எம்20சி, எம்20இ குட்டை. எம்20எஃப் 10 அங்குலம் நீளம். 1977-இல் வந்த எம்20ஜே அந்த நீள உடலில் கட்டியது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு நான் மூனியைச் சொல்லமாட்டேன்.

காரணம், தேய்ந்த முழங்காலுக்கு உட்கார்ந்திருப்பதைவிட ஏறி இறங்குவதுதான் பெரிய வேதனை. செரோகிக்குக் கதவு ஒன்றே ஒன்று, வலது இறக்கைக்கு மேலே. பின்பக்கப் படியில் காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து உந்தி, இறக்கைமேல் ஏறவேண்டும். அங்கிருந்து குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, முன் இருக்கையைத் தாண்டி, உடம்பைத் திருப்பிப் பின்னால் சரியவேண்டும். என்னிடம் பயின்ற ஒருவர் தன் மாமனாரை இப்படித்தான் ஏற்றினார். பெரியவர் வழியெல்லாம் சந்தோஷமாகத்தான் வந்தார். இறங்கும்போது முழங்கால் மடங்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டது. முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அவர் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஆகஸ்ட் வெயிலில் அவரைக் கீழே இறக்க இருவர் பிடிக்கவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்த விமானத்தில் ஏறவேயில்லை.

அதனால், உங்கள் நிலையில் நான் தேடுவது செஸ்னா 177, அதாவது கார்டினல். இறக்கை மேலே இருக்கிறது, தாங்குகம்பி கிடையாது, இரண்டு பக்கமும் அகலமான கதவு விரியத் திறக்கும், தரையும் தாழ்வு. காரில் ஏறுவதுபோல் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். பின்னால் கால் வைக்கவும் நல்ல இடம். 1978-க்குப் பிறகு செய்யவில்லை, அதனால் எல்லாமே பழசுதான். 1968-இல் வந்த முதல் மாடலை விட்டுவிடுங்கள். 150 குதிரைத்திறனில் நான்கு பேரோடு டெக்சஸ் கோடையில் மேலே ஏறத் திணறும். 1970-க்குப் பிந்தைய 177பி தேடுங்கள். இறக்கைகளைத் தாங்கும் குறுக்குத் தூலத்தில் அரிப்பும் விரிசலும் பார்த்த சோதனை லாக்புக்கில் (பராமரிப்புப் பதிவேடு) ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்.

செஸ்னாவில் இன்னொன்றையும் நீங்களே குனிந்து பாருங்கள். முன் இருக்கை ஓடும் தண்டவாளத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பூட்டும் ஊசி அதில்தான் விழும். வருடக்கணக்கில் தேய்ந்து துளை நீள்வட்டமாகிவிட்டால் ஊசி நழுவும். விமானம் மூக்கைத் தூக்கும் நேரத்தில் விமானியின் இருக்கை அப்படியே பின்னால் ஓடி, கை ஸ்டியரிங்கை இழுத்துக்கொண்டு போய், உயிர்போன விபத்துகள் நடந்திருக்கின்றன. பின்னால் இருப்பவரின் முழங்காலும் அப்போது நசுங்கும். இதற்கென்றே அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. போட்ட கட்டாய உத்தரவு இருக்கிறது, எண் 2011-10-09. விரல் நுனியை அந்தத் துளையில் வைத்துத் தடவினாலே தேய்மானம் தெரியும்.

இப்போது எடை. இதில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. நான்கு இருக்கை என்று சான்றிதழ் இருந்தால், நான்கு பெரியவர்களும் முழு டேங்க் எரிபொருளும் ஏற்றலாம் என்று அர்த்தம் இல்லை. உதாரணத்துக்கு ஒரு ஆர்ச்சர் 2: அதிகபட்ச எடை 2,550 பவுண்டு. வெற்று எடை 1,580 என்று வைத்தால் மீதி 970. டேங்கில் பயன்படும் 48 காலனும் நிரப்பினால், காலனுக்கு 6 பவுண்டு வீதம் 288 போய்விடும். மிச்சம் 682. நீங்கள் 185, மனைவி 135, அப்பா 190, அம்மா 145 என்றால் மொத்தம் 655. பெட்டிக்கு 27 பவுண்டு. தங்கைக்கு அம்மா கொண்டுவந்த பொடியும் ஊறுகாயுமே அதைத் தாண்டும்! 34 காலனோடு கிளம்பினால் பெட்டிக்கு 111 பவுண்டு கிடைக்கும். ஹூஸ்டன் ஏறத்தாழ 200 கடல் மைல், ஒன்றே முக்கால் மணி நேரம், மணிக்கு 10 காலன். இறங்கும்போது ஒன்றரை மணி நேர எரிபொருள் கையில் இருக்கும். அரை மணி போதும் என்கிறது பகல்நேர விதி. ஒரு மணிக்குக் குறைந்து நான் யாரையும் விடமாட்டேன். அப்பாவும் நடுவில் இறங்கிக் காலை நீட்டவேண்டும் என்றால், வழியில் ஒரு விமானதளத்தில் நிறுத்துங்கள்.

அந்த 1,580 உண்மைதானா என்பது அடுத்த கேள்வி. வாடகைக்கு ஓட்டும் இரட்டை எஞ்சின் விமானத்தை 36 மாதத்துக்கு ஒருமுறை தராசில் ஏற்றவேண்டும் என்று விதி இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான ஒற்றை எஞ்சினுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் தராசில் பார்த்த எடையில் ஐம்பது வருடமாகக் கூட்டிக் கழித்துக்கொண்டே வருவார்கள். பெயின்ட் மேல் பெயின்ட், மறந்துபோன பழைய வயர், தடித்த மெத்தை எதுவும் அதில் வராது. குடும்பத்தோடு பறப்பவர்களுக்கு ஏன் இந்தப் பாதுகாப்பு இல்லை? எனக்குப் புரியவே இல்லை. நான் தராசில் ஏற்றிப் பார்த்த ஒரு விமானம் காகிதத்தைவிட 60 பவுண்டுக்கு மேல் கூடுதலாக நின்றது. விற்றவர் வாய் திறக்கவில்லை. வாங்குவதற்கு முந்தைய சோதனையில் தராசையும் சேர்க்கச் சொல்லுங்கள். தரகர் சிபாரிசு செய்யும் மெக்கானிக் மட்டும் வேண்டாம்.

"உள்ளே எல்லாம் புதுசு, தோல் இருக்கை" என்றால் கூடுதல் எச்சரிக்கை. தடித்த நுரை தலையைக் கூரையில் இடிக்க வைக்கும். முன் இருக்கையின் முதுகு பருத்து முழங்காலுக்கான இடத்தைத் தின்னும். துணிக்கும் நுரைக்கும் தீப்பரிசோதனைச் சான்றும் லாக்புக் பதிவும் இல்லையென்றால், அந்த வேலையைப் பிரித்துத் திரும்பச் செய்யும் செலவு உங்கள் தலையில்.

நண்பருக்குச் செரோகிதான் பிடித்திருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. அப்பா பின்னால்தான் உட்காரவேண்டும் என்று யார் சொன்னார்கள்? பக்கத்து முன் இருக்கையில் உட்கார உரிமம் தேவையில்லை. அதைப் பின்னால் தள்ளிவிட்டால் அவர் காலை நீட்டலாம். கால் பெடலில் படாது. அவருக்குப் பின்னால், உயரம் குறைந்தவராக இருந்தால், அம்மா. முதலில் அம்மாவும் மனைவியும் ஏறவேண்டும், பிறகு நீங்கள், கடைசியில் அப்பா. இறங்கும்போது அவர் முதலில். இறக்கைமேல் ஏறுவது மட்டும் அப்போதும் மிச்சம் இருக்கிறது.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன் அப்பாவை விமானம் நிற்கும் ஹேங்கருக்குக் கூட்டிப்போங்கள். கை கொடுக்காமல் அவரே ஏறட்டும். அரை மணி நேரம் உள்ளே உட்காரட்டும். பிறகு அவரே இறங்கட்டும். தரகர் அவசரப்படுத்தினால், வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.